விரல்கள் போன வழி

"அவன் திருடன்னு தெரிஞ்சா மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துடுவேன் மேடம். இல்லன்னா நாளைக்கு மூணாவது ஓலை. சாயந்திரப் பூசைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாகணும்."

இப்படிச் சொன்ன பெண் அழவில்லை. செங்கல்வராயனுக்கு அதுதான் பேஜாராக இருந்தது. கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில் இருக்கும் 'ஹேமாவதி துப்பறியும் நிலைய'த்துக்கு வருகிற பெண்கள் உட்காரும்போதே மூக்கை உறிஞ்சுவார்கள். அவன் கீழே போய் டீ சொல்லிவிட்டு வருவதற்குள் பாதிக் கதை முடிந்திருக்கும். இவளோ உட்கார்ந்ததும் மேஜையில் கோணலாகக் கிடந்த பேனாவை நேராக்கினாள். பேசிக்கொண்டே மேஜை ஓரத்தில் தொங்கிய அவனுடைய சார்ஜரை எடுத்து பிளக் பாயிண்டில் சொருகினாள். டக். காலையிலிருந்து செத்துக் கிடந்த அவன் போனுக்கு உயிர் வந்தது.

"டாங்க்ஸ்மா," என்றான் செங்கல்வராயன்.

"எதுக்குண்ணா?" என்றாள் அவள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

பெயர் பிரின்சி. சிப்காட்டில், கார்களுக்கான வயர் கட்டுகள் செய்யும் ஒரு கம்பெனியில் செக்கிங். முதல் ஷிஃப்ட், இன்று மட்டும் லீவு. வேலை முடிந்த பிறகு 'இரும்புக் குயில்கள்' என்ற மேடைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். மாப்பிள்ளை சாலமோன் இரும்பு உருட்டாலையில் இரண்டாம் ஷிஃப்ட். 'ஆரணி அலைகள்' என்ற இன்னொரு குழுவில் ரிதம் பேட் தட்டுகிறவன். அலைகளும் குயில்களும் ஒருவரையொருவர் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் இந்த இரண்டு பேர் மட்டும் திருப்பிக்கொள்ளவில்லை. விளைவு, மாதா கோயிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாகிவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருப்பவர்கள் சொல்லலாம் என்று ஃபாதர் மூன்று வாரம் கேட்பார். நாளை மூன்றாவது வாரம்.

"ஆட்சேபணையைப் பொண்ணே சொன்னா செல்லுமா மேடம்?" என்று கேட்டான் செங்கல்வராயன்.

ஹேமாவதி அவனை ஒரு பார்வை பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய வயது, வெள்ளைச் சட்டைக்குமேல் எப்போதும் ஒரு பழுப்புக் கோட்டு. கும்மிடிப்பூண்டி வெயிலில் கோட்டுப் போடும் ஒரே ஜீவன். "செங்கல், நீ கொஞ்ச நேரம் கம்முனு இரு. நீ சொல்லு பிரின்சி, சாலமோன் எதைத் திருடினான்?"

"ஒரு டியூனை மேடம்."

செங்கல்வராயன் சிரிக்கப் போனான். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பைக் கொட்டாவியாக மாற்றிக்கொண்டான்.

அவளே போட்ட மெட்டாம். யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, போனில்கூடப் பதிவு செய்யவில்லை. சிப்காட் பக்கத்தில் கெங்கம்மாள் மெஸ் மாடியில் இரண்டு குழுக்களுக்கும் பொதுவாக ஒரு அறை, பொதுவாக ஒரு டிஜிட்டல் பியானோ. காலையில் அலைகள், சாயங்காலம் குயில்கள். மற்றவர்கள் கிளம்பிய பிறகு இவள் மட்டும் கதவைத் தாழ் போட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசிப்பாள். ஹெட்போன் மாட்டினால் அந்தப் பியானோ வெளியே மூச்சுகூட விடாது.

"போன வாரம் கவரப்பேட்டையில ஒரு காதுகுத்து. அலைகள் கச்சேரி. என் ஃப்ரெண்டு இத்த அனுப்பினா."

போனை நீட்டினாள். வீடியோவில் ஒரு குழந்தை மாமன் மடியில் உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தது. பின்னால் மேடையில் ஒரு மெட்டு மெதுவாகத் தொடங்கி, வளைந்து, ஒரு இடத்தில் தயங்கி நின்று, மறுபடி நடந்தது. செங்கல்வராயனுக்கு சங்கீதம் என்றால் காத தூரம். ஆனாலும் பிரியாணி வாசனைக்கு நடுவே வாசிக்க வேண்டிய மெட்டு இது இல்லை என்று அவனுக்கே பட்டது. கடைசியில் கீபோர்டுக்காரர் அடிக் கட்டையிலிருந்து உச்சிக் கட்டை வரை சர்ர்ர்ர்ர் என்று ஒரு இழுப்பு இழுத்தார். மற்றவர்களும் கூடவே இழுத்தார்கள். கூட்டம் விசிலடித்தது.

"முழுக்க உன் டியூன்தானா?" என்று கேட்டாள் ஹேமாவதி.

"கடைசி சர்ர்ரைத் தவிர. அந்தக் கருமம் என் டியூன்லயே கிடையாது."

"ஓ," என்றாள் ஹேமாவதி. அந்தக் கடைசிப் பகுதியை மட்டும் மூன்று தடவை போட்டுக் கேட்டாள். அப்படிக் கேட்கும்போது அவள் இடது புருவம் கொஞ்சம் உயரும். புருவம் உயர்ந்தால் மதியச் சாப்பாடு தள்ளிப் போகும் என்பது செங்கல்வராயன் அனுபவத்தில் கண்டது.

"அவன்கிட்ட நேரா கேட்டுட வேண்டியதுதானே?"

பிரின்சி முதல் முறையாகத் தலையைக் குனிந்தாள். "அது எதுக்காகப் போட்ட டியூன்னு சொல்லணும் மேடம். நாங்க கல்யாணத்தன்னிக்கு கோயிலுக்குள்ள நடந்து வர்றதுக்குப் போட்டது. அவனுக்கே தெரியாம வச்சிருந்தேன். அதைத் திருடிக் காதுகுத்துல வாசிக்கிறவன்கிட்ட எந்த வாயால சொல்றது?"

ஹேமாவதி எழுந்து கோட்டை உதறினாள். "செங்கல், வண்டியை எடு."

---

ஜி.என்.டி. ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே செங்கல்வராயன் தன் புல்லட்டை ஓட்டிய விதத்தைப் பார்த்து, பின்னால் ஸ்கூட்டியில் வந்த பிரின்சி இரண்டு தடவை சிலுவை போட்டுக்கொண்டாள். சிப்காட் புகைபோக்கிகள் கண்ணில் பட்டதும் இடது பக்கம் திரும்பினால் கெங்கம்மாள் மெஸ். வாசலில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்த கெங்கம்மாள் அரிவாள்மணையை விட்டு எழுந்திருக்காமலே வழி மறித்தாள்.

"யாரு நைனா நீ? மேல எங்க போற? சத்தம் கூடாது!"

"நான் இன்னும் வாயே தொறக்கலியே ஆயா."

"தொறக்கற மூஞ்சி தெரியுது."

மாடியில் வரிசையாக அறைகள். எல்லாவற்றிலும் இரவு ஷிஃப்ட் முடித்த பையன்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சாயங்காலம் வரை தூங்கி எழுந்து, சாப்பிட்டு, வேலைக்குக் கிளம்புவார்கள். அதனால் கெங்கம்மாள் ராஜ்யத்தில் ஒரே சட்டம், எந்நேரமும் ஹெட்போன். சட்டத்தை மீறுகிறவனுக்குச் சாம்பார் கிடையாது.

"இந்தப் பொண்ணு வாசிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா?" என்றாள் ஹேமாவதி.

"ஒரு நாளும் கேட்டதில்லம்மா. ஒரு டொங்குன்னு வந்தாலும் கரண்டியோட மேல ஏறிடுவேன்."

"சாயங்காலத்துல சாலமோன் இந்தப் பக்கம் வந்ததுண்டா?"

"அது எப்படி வரும்? ரெண்டாவது ஷிஃப்ட்டும்மா. ராத்திரிச் சோத்தையே இங்கருந்து தூக்குல கட்டி வாங்கிக்கினு போற புள்ள. இன்னும் செத்த நேரத்துல அதுக்குத்தான் வரும்."

படியேறும்போது செங்கல்வராயன் தன் கட்சியைச் சொன்னான். "மேடம், கேட்டுத் திருடல, பாத்தும் திருடல. திருடன்னு சொல்லப்படறவன் அந்த நேரத்துல இரும்பு உருட்டிக்கினு இருக்கான். எனக்கு இன்னா தோணுதுன்னா, கனவுல வந்திருக்கும்."

"யார் கனவுல?"

"காது குத்தின கொழந்தை கனவுல. அதான் அப்படி அழுவுது."

காலையில் அலைகள் பூட்டிவிட்டுப் போன அறையை, கெங்கம்மாளிடம் வாங்கிய சாவியால் பிரின்சி திறந்தாள். சின்ன அறைதான். ஜன்னலோரம் கறுப்பு டிஜிட்டல் பியானோ. அதன் கீழே ஒரு பலகையில் அலைகளின் சாமான்கள் துண்டு போட்டு மூடியிருந்தன.

"தினமும் இன்னா செய்வியோ அதையே செய்," என்றாள் ஹேமாவதி. "நாங்க இல்லன்னு நெனச்சிக்கோ."

செங்கல்வராயன் சுவரோடு சுவராக நின்றான். பிரின்சி தாழ் போட்டாள். நாற்காலியை நேராக்கினாள். பலகையில் நழுவிக் கிடந்த துண்டை இழுத்துச் சரிசெய்தாள். எங்கேயோ டக் என்று ஒரு சத்தம். தாழ்ப்பாள் இப்போதுதான் சரியாக விழுகிறதோ என்று அவன் கதவைப் பார்த்தான். அதற்குள் அவள் பியானோவை ஆன் செய்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

அறையில் கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. தடக், தடக், தடதட. யாரோ பக்கத்து வீட்டில் டைப்படிப்பது போல. ஆனால் அவள் முகத்தில் பாட்டு ஓடியது. ஒரு இடத்தில் தயங்கினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. வாசிப்பதை நிறுத்தவில்லை. செங்கல்வராயன் அந்தப் பக்கம் பார்க்காமல் ஜன்னல் வழியே புகைபோக்கியைப் பார்த்தான்.

முடித்தாள். ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். பையிலிருந்து மஞ்சள் துணி ஒன்றை எடுத்து, கட்டைகளை இடக் கோடியிலிருந்து வலக் கோடி வரை ஒரே இழுப்பாகத் துடைத்தாள்.

"நில்லு!" என்றாள் ஹேமாவதி. "இப்போ இன்னா பண்ண?"

"தொடைச்சேன். சீட்டை விட்டு எழுந்தா தொடைச்சிட்டுத்தான் எழணும். கம்பெனியில பழக்கம்."

"பியானோவை ஆஃப் பண்ணிட்டா?"

"இல்ல, தொடைச்சிட்டுத்தான் ஆஃப் பண்ணுவேன். ஏன் மேடம்?"

"செங்கல், அந்த ஹெட்போனை மாட்டு. பிரின்சி, இன்னொரு வாட்டித் தொடை."

துணி ஓடியது. செங்கல்வராயன் ஓரடி துள்ளினான். "மேடம்! காதுகுத்து! அந்த சர்ர்ர்! அதேதான்!"

பிரின்சியின் கையில் துணி அப்படியே நின்றது. தன் மெட்டின் கடைசியில் இப்படி ஒரு சத்தம் வருகிறது என்று அவளுக்கே இத்தனை நாள் தெரியாது. துடைக்கும்போது ஹெட்போன் அவள் காதில் இருந்ததே இல்லை.

"அலைகள் குரூப் மேடையில வாசிச்சது உன் தொடைக்கிற துணியை," என்றாள் ஹேமாவதி. "உனக்கே கேக்காத ஒண்ணு அவங்களுக்குக் கேட்டிருக்கு. அப்போ காதால திருடல. இந்தக் கட்டைக்குப் பின்னால எதுவோ ஒட்டிக்கினு இருக்கு."

குனிந்து பியானோவின் முதுகைத் தடவினாள். அங்கே ஒரு கறுப்பு வயர். அதன் மறு கோடி பலகையின் மேலே, துண்டுக்குள் போனது. துண்டை எடுத்தால் கைப்பெட்டி அளவில் ஒரு சாதனம். மூலையில் குட்டியாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"அது அலைகளோட ரிதம் பெட்டி," என்றாள் பிரின்சி. "அடிக்கிறதை ஞாபகம் வச்சிக்கினு திருப்பி வாசிக்கும். புதுசா வாங்கியிருக்காங்க. செகண்ட் ஹேண்டு."

"இந்த வயர்?"

"அவங்களோடது. அவங்க சாமானை நாங்க தொடமாட்டோம் மேடம். தொட்டா சண்டை வரும்."

"வயர்ல பாட்டு போய்க்கினு இருந்திருக்கு," என்றான் செங்கல்வராயன்.

"இல்ல. இந்த மாதிரி வயர்ல பாட்டு போகாது. ஓட்டல்ல சர்வர் உள்ள போய் 'ரெண்டு மசால்'னு சொல்றான்ல, தோசையா தூக்கிக்கினு போறான்? சொல்லுதான் போகுது. தோசை உள்ளதான் வேகுது. இதுவும் அப்படித்தான். எந்தக் கட்டை, எப்போ, எவ்ளோ அழுத்தி, அவ்ளோதான் போகும். சத்தத்தை அந்தப் பக்கம் இருக்கிற பெட்டி போட்டுக்கும். நீ ஹெட்போன் மாட்டு, வால்யூமைக் கொறை, வாயில துணி அடை, ஒண்ணும் ஆவாது."

"அப்போ பாட்டு போகல," என்றான் செங்கல்வராயன், தன் புத்திசாலித்தனத்தில் தானே மயங்கி. "விரலு போயிருக்கு!"

ஹேமாவதி அவனை முதல் முறையாகப் பாராட்டும் பார்வையில் பார்த்தாள். அதை அனுபவிக்க அவனுக்கு நேரம் கிடைக்கவில்லை. பிரின்சி மோதிரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அவ்ளோதான் மேடம், தெரிஞ்சுபோச்சு. நான் தனியா வாசிக்கிறேன்னு அவனுக்கு மட்டும்தான் தெரியும். இந்த வயரைச் சொருகி வச்சிட்டு நல்லவனாட்டம் கம்பெனிக்குப் போயிருக்கான்." குரல் உடைந்தது. "அவனை எவ்ளோ நம்பினேன் தெரியுமா?"

"மோதிரத்தைக் கையில வச்சிக்கோ," என்றாள் ஹேமாவதி. "கழட்டறதுக்கு ரெண்டு நிமிஷம் பொறு."

படியில் காலடிச் சத்தம். கதவு தட்டப்பட்டது. செங்கல்வராயன் தாழைத் திறந்தான்.

---

நீலச் சீருடை, கையில் தூக்குச்சட்டி, நெற்றியில் வியர்வை. சாலமோன் முதலில் பிரின்சியைப் பார்த்தான். அப்புறம் அவள் உள்ளங்கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்தான். தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"கீழ உன் ஸ்கூட்டியைப் பாத்துட்டுத்தான் ஏறி வந்தேன். ஒரு வாரமா போன் எடுக்கல. இப்போ மோதிரத்தைக் கழட்டி வச்சிருக்க. நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லிட்டாவது கழட்டு பிரின்சி."

"காதுகுத்துல வாசிச்சியே, அந்த டியூன் எங்கருந்து வந்துச்சு?"

சாலமோன் விழித்தான். "அது... பொட்டி குடுத்துச்சு."

"பாத்தீங்களா மேடம்? எப்படிப் பொய் சொல்றான் பாருங்க!"

"சத்தியமா பொட்டிதான்! ஒருநாள் காலையில ஆன்ல இருந்த பொட்டியைத் தட்டினா, பியானோ தானா வாசிக்குது. எங்க மாஸ்டர் சபரிநாதன் அண்ணன் சொன்னாரு, பழைய சாமான்ல இப்படித்தான், மொதல்ல வச்சிருந்தவன் எதையாவது விட்டுட்டுப் போயிருப்பான், இது பொட்டியோட வந்த சீதனம்னு. நல்லா இருந்துச்சு, கத்துக்கிட்டோம். ஏன், அது யாரோடதாவதா?"

செங்கல்வராயன் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தான். ஷேர் ஆட்டோ ஓட்டிய காலத்தில் 'சில்லறை இல்லண்ணா' என்று சொன்ன ஆயிரம் முகங்களைப் பார்த்தவன் அவன். இந்த முகத்தில் திருட்டு இல்லை. அசட்டுத்தனம்தான் இருந்தது.

"பெட்டியை இப்போ வாசிக்கச் சொல்லு," என்றாள் ஹேமாவதி.

அவள் ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு வால்யூமைக் குறைத்தாள். சாலமோன் குனிந்து ஒரு பொத்தானை அமுக்கினான். கை வைக்க ஆளில்லாமல் பியானோ மெல்லிய குரலில் பாட ஆரம்பித்தது. மெதுவாக நடந்தது. தயங்கும் இடத்தில், வழக்கத்தைவிட அதிகம் தயங்கியது. இன்று அங்கேதான் பிரின்சிக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒரு சர்ர்ர். கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொரு சர்ர்ர்.

சாலமோன் நிமிர்ந்தான். "இது அதே டியூன். ஆனா அன்னிக்கு வாசிச்ச மாதிரி இல்ல. யாரு வாசிச்சது?"

"நான்தான்," என்றாள் பிரின்சி. "இப்போதான். இங்க."

"உன் டியூனா இது? சொல்லவே இல்ல? எதுக்குப் போட்ட?"

அவள் மோதிரத்தை உள்ளங்கையில் உருட்டினாள். செங்கல்வராயனால் பொறுக்க முடியவில்லை. "கல்யாணத்தன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் கோயிலுக்குள்ள நடக்கறதுக்குப்பா! நீ அதைப் பிரியாணிக்கு வாசிச்சிட்ட!"

சாலமோன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "ஐயோ மாதாவே," என்றான்.

பிரின்சி அசையவில்லை. "தெரியாம வாசிச்சன்னே வச்சிக்கிறேன். வயரைச் சொருகி வச்சது யாரு? நீதானே?"

"அது என் பேடோட வயரு. வாசிச்சு முடிச்சா பேடைக் கழட்டி ஊட்டுக்கு எடுத்துக்கினு போயிடுவேன். வயரு பொட்டியிலிருந்து சும்மா தொங்கிக்கினு இருக்கும். இன்னிக்குக் காலையிலகூடத் தொங்க விட்டுட்டுத்தான் போனேன். பியானோவுல நான் எதுக்குச் சொருகப் போறேன்?"

"காலையில வரும்போது எப்படி இருக்கும்?" என்று கேட்டாள் ஹேமாவதி.

"பியானோவுல சொருகியிருக்கும் மேடம். எங்க ஆளுங்களே எவனோ சொருகறான்னு புடுங்கிக்குவேன்."

"பெட்டியை ஏன் ஆஃப் பண்ணாமப் போற?"

இந்தக் கேள்வி சாலமோனுக்குப் புரியவே இல்லை. "ஷிஃப்ட் முடிஞ்சா மெஷினை ஆஃப் பண்ணிட்டா போவாங்க? உருட்டாலையில அப்படிச் செஞ்சா அடுத்த ஷிஃப்ட்காரன் அடிக்க வருவான். ரெடியா வச்சிட்டுத்தான் கை மாத்தணும். பொட்டியையும் ரெடியில வச்சிடுவேன். மொத அடி விழுந்தா பதிவு ஆரம்பிச்சிடும். காலையில வந்தா நேரா வேலைதான்."

"சரி," என்றாள் ஹேமாவதி. பியானோவின் முதுகிலிருந்து வயரைப் பிடுங்கி அப்படியே தொங்க விட்டாள். அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். "காலையில இது தொங்கிச்சு. இப்போ சொருகியிருக்கு. நடுவுல இந்தக் கதவைத் தொறந்தது நாம மட்டும்தான். செங்கல், நீ எதையாவது தொட்டியா?"

"சத்தியமா இல்ல மேடம்! சுவத்தோட பல்லியாட்டம் இருந்தேன்."

"பிரின்சி, நல்லா யோசிச்சு சொல்லு. உள்ள நொழைஞ்சதும் நீ இன்னா பண்ண?"

"தாழ் போட்டேன்," என்றாள் பிரின்சி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு. "நாற்காலியை நேரா போட்டேன். துண்டைச் சரி பண்ணேன். அப்புறம் நேரா உக்காந்து ஆன் பண்ணேன். அவங்க வயரையெல்லாம் நான் தொடவே..."

டக்.

எல்லோரும் அவள் கையைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். அந்தக் கை, தொங்கிக்கொண்டிருந்த வயரை எடுத்து, அது பொருந்தும் ஒரே காலி ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, பியானோவின் முதுகில் சொருகி, சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு தரம் அழுத்தியும் பார்த்துவிட்டிருந்தது.

அடுத்த அறையில் யாரோ குறட்டை விட்டான்.

செங்கல்வராயனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அலுவலகத்தில் அவன் சார்ஜர். டக். இந்த அறையில் தாழ்ப்பாள் என்று அவன் நினைத்த சத்தம். டக். "மேடம்," என்றான் மெல்ல, "கேஸ் குடுத்தவங்களேவா?"

"வயர் கட்டு செக்கிங்," என்றாள் ஹேமாவதி. "காலையிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் தொங்கற முனையைப் பாத்தா சொருகணும், டக்குன்னு கேக்கணும். விட்டா ரிஜக்ட். ஆபீஸ்ல சார்ஜரைச் சொருகினப்பவே பாத்தேன். சொருகினது உனக்கே தெரியல. தொங்கற எதையும் இந்தக் கை விடாது பிரின்சி. அவன் மெஷினை ரெடியா வச்சிட்டுப் போறான், நீ வந்து கனெக்‌ஷனை முழுசாக்கற. ரெண்டும் நல்ல பழக்கம்தான். ரெண்டும் சேந்துதான் உன் டியூனைக் கொண்டுபோய்க் காதுகுத்துல விட்டுடுச்சு."

பிரின்சி பியானோ முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கழுத்திலிருந்து காது வரை சிவந்துவிட்டது. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று செங்கல்வராயனுக்குப் பிடிபடவில்லை. பார்த்தால் இரண்டும்தான்.

சாலமோன் சிரிக்கவில்லை. "ரெண்டு ஓலை படிச்ச பொறவுகூட என்னைத் திருடன்னு நெனச்சியா?"

அவள் கையை எடுத்தாள். "நெனச்சேன்," என்றாள் நேராக. "ஒரு வாரமா அதையே நெனச்சி சோறு எறங்கல. நெசம்னு தோணியிருந்தா ஃபாதர்கிட்டதான் போயிருப்பேன், இவங்ககிட்ட எதுக்கு வர்றேன்? நான் நெனச்சது பொய்யின்னு யாராவது சொல்லணும்னுதான் வந்தேன். தப்பு என்மேலதான். மன்னிச்சிக்கோ."

சாலமோன் கொஞ்ச நேரம் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தான். கோபம் இறங்க நேரம் எடுத்தது. இறங்கியது. "அந்த டியூன்ல ஒரு எடத்துல நின்னுட்டுப் போவியே," என்றான். "எங்க குரூப்ல எவனுக்கும் அது சரியா வரல. பத்து வாட்டி வாசிச்சோம். யாரோ தெரிஞ்சவங்க வாசல்ல நின்னு யோசிக்கிற மாதிரியே இருக்கேன்னு நெனச்சேன்."

"அது நீ எனக்காகக் கோயில் வாசல்ல நிக்கிற எடம்," என்றாள் பிரின்சி.

"ஐயையோ," என்று மூக்கை உறிஞ்சினான் செங்கல்வராயன். ஹேமாவதி கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினாள். பெண்ணுக்கு என்று நினைத்து அவன் வாங்கிக் கொடுக்கப் போனான். "உனக்குத்தான்," என்றாள்.

"கடைசியில வர்ற சர்ர்ர் மட்டும் எங்க ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு," என்றான் சாலமோன். "சபரிநாதன் அண்ணன் அதுக்குன்னே தனியா பிராக்டீஸ் பண்றாரு."

"அது தொடைக்கிற துணிடா," என்றாள் பிரின்சி. இந்தத் தடவை சிரிப்பு மட்டும்தான். சாலமோனும் விழுந்து விழுந்து சிரித்தான். கீழேயிருந்து கெங்கம்மாள் கரண்டியால் குழாயைத் தட்டினாள்.

"எவன்டா அது? சாம்பார் வேணுமா வேணாமா?"

சாலமோன் வாயைப் பொத்திக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தான். ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிட்டது. பிரின்சியின் உள்ளங்கையிலிருந்து மோதிரத்தை எடுத்து அவள் விரலில் தானே போட்டுவிட்டான். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவன், என்ன நினைத்தானோ, திரும்பி வந்தான். பியானோவிலிருந்து வயரைப் பிடுங்கினான். பலகைக்கு முன்னால் மண்டிபோட்டு, அந்த ரிதம் பெட்டியின் முதுகில் இருந்த சுவிட்சில் விரலை வைத்தான். மெஷினை அணைத்துவிட்டுப் போய் அவனுக்குப் பழக்கமே இல்லை. ஒரு மூச்சு இழுத்துவிட்டு அமுக்கினான். சிவப்பு விளக்கு அணைந்தது.

"சாயந்திரப் பூசைக்குப் போ," என்றான் அவளிடம். "ஃபாதர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. சும்மா உக்காந்துட்டு வா."

அவன் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. வயர் பலகையிலிருந்து தொங்கி லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பிரின்சி அதைப் பார்த்தாள். அவள் வலது கை ஒரு அங்குலம் முன்னால் போனது. செங்கல்வராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டான்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், மோதிர விரலை இன்னொரு கையால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"தொங்கட்டும்," என்றாள்.